ஒரே பூ, இரண்டு விலை: குயில்டிங் காட்டனில் எதைப் பார்த்து வாங்குவது?

நூல்கண்டு

வணக்கம். குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் மூன்று துணிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரே டிசைன்: சாம்பல் தரையில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. ஒன்றை குயில்ட் துணி மட்டும் விற்பவரிடம் வாங்கினேன். மற்றதை எல்லாமும் விற்கும் பெரிய கடையில், ஏறக்குறைய பாதி விலைக்கு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூவும் இலையும் நிறமும் அச்சு அசல் ஒன்றே. போதாக்குறைக்கு, விலை குறைந்ததுதான் கையில் கனமாக இருக்கிறது. மூன்றாவது ஒரு சிவப்புத் துணி. கம்பெனி பெயர், ஊர் எதுவுமே இல்லை, மூன்றிலும் மலிவு.

நான் ஏமாந்தது எந்தக் கடையில்? இதுதான் தெரிய வேண்டும்.

ஊசிமுனை

ஜப்பான் அல்லது கொரியா என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன். வேறு நாட்டுப் பெயர் இருந்தால் தொடுவதே இல்லை. பத்து வருடமாக இப்படித்தான். ஒரு குறையும் வந்ததில்லை.

கத்தரிப்பூ

பத்து வருடமாக மற்றதைத் தொடவே இல்லை என்றால் அது மோசம் என்று எப்படித் தெரிந்தது அக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா வம்புக்குக் கேட்டேன்.

நூல்கண்டு, முதலில் கைக்கு எட்டிய சோதனைகளைச் செய்யுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழைக்கு இழை இடைவெளி எப்படி என்று பாருங்கள். ஒரு மூலையைப் பிடித்து உள்ளங்கைகளுக்கு நடுவே நன்றாகக் கசக்குங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் கஞ்சி. அந்தப் "பாதி விலை கனம்" கஞ்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தறிச்சத்தம்

மில்லில் துணி சோதிக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"எந்த ஊர்த் துணி" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருப்பது அபூர்வம். பருத்தி ஒரு நாட்டில் விளைகிறது. நூலாவது இன்னொரு நாடாக இருக்கலாம். தறியிலிருந்து இறங்கியதும் வெளுக்காமல், சாயம் ஏறாமல், பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு) போட்ட கஞ்சியோடு இருப்பதுதான் காடா துணி. அந்தக் காடா கப்பலேறி வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே கஞ்சி எடுத்து, வெளுத்து, பிரிண்ட் ஆகிறது. டிசைனுக்குச் சொந்தமான கம்பெனி நான்காவது ஒரு நாட்டில் இருக்கும். ஊசிமுனை அம்மா சொல்லும் "கொரியா" என்பது பல நேரம் பிரிண்ட் ஆன இடம். நெய்தது பாகிஸ்தானாகவோ இந்தியாவாகவோ சீனாவாகவோ இருக்கலாம்.

இது இன்றைய ஏற்பாடும் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு மோகம். உள்ளூர் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூச்சல் போட்டதில் 1700இல் பிரிண்ட் செய்த துணி இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் வந்தது. வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. என்ன செய்தார்கள்? இந்தியாவில் நெய்த வெள்ளைத் துணியை இறக்கி லண்டனில் பிரிண்ட் போட்டு விற்றார்கள். அதையும் அடைக்கத்தான் 1721இல் இரண்டாவது சட்டம். 1774இல்தான் அது விலகியது. நெசவு ஓரிடம், அச்சு வேறிடம் என்பதற்கு முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். துணி உடம்பென்றால் பிரிண்ட் அதன்மேல் போட்ட சட்டை. ஒரே சட்டையை இரண்டு உடம்புக்குப் போட்டுவிடலாம். ஒரே டிசைன் கெட்டியான காடாவிலும் வரும், இளப்பமான காடாவிலும் வரும். பூவைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைப்பது அங்கேதான் தவறுகிறது.

நூல்கண்டு

ஐயா, அப்படியென்றால் உடம்பை எப்படிப் பார்ப்பது? அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணினால் போதுமா?

தறிச்சத்தம்

போதாது. இழை எண்ணிக்கையை மட்டும் சொல்வது, ஒரு சாக்கில் எத்தனை காய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு காயின் பருமனைச் சொல்லாமல் விடுவது மாதிரி. நூலின் நம்பரும் வேண்டும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளச் சிட்டம் (நூல் கற்றை) எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 20ஆம் நம்பர் பருமன், 40ஆம் நம்பர் மெலிசு.

ஒரு கணக்கு தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு உள்ள பாவு இழையைப் பாவு நூல் நம்பரால் வகுக்கவும். ஊடைக்கும் (குறுக்கே போகும் இழைக்கும்) அப்படியே. இரண்டையும் கூட்டி 23.25ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். இழை மேலும் கீழும் வளைந்து போவதால் இன்னும் ஓர் ஐந்து சதவீதம் போல சேர்த்துக்கொள்ளுங்கள்.

குயில்டிங்கில் அதிகம் புழங்கும் கெட்டித் துணி பாவில் 60, ஊடையில் 60, நூல் 20ஆம் நம்பர். 60÷20 மூன்று, இன்னொரு மூன்று, ஆக ஆறு. 23.25ஆல் பெருக்கினால் 139.5. வளைவையும் சேர்த்தால் 146 வாக்கில் வரும். அதே 60க்கு 60ஐ 30ஆம் நம்பர் நூலில் நெய்தால் 98தான். 60ஐயும் 60ஐயும் கூட்டி "இழை எண்ணிக்கை 120" என்று இரண்டிலும் ஒரே மாதிரி எழுதலாம், பொய்யே கிடையாது! ஒன்று போர்வைக்கு ஆகும். மற்றதன் வழியே, கீழே வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம்.

கத்தரிப்பூ

ஐயோ, நான் இத்தனை நாள் அந்த 120ஐப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நூல்கண்டு

வீட்டில் நூல் நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தறிச்சத்தம்

இழையை எண்ணி, துணியை எடை போட்டால், மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டு உத்தேசமாகப் பிடித்துவிடலாம். எண்ணுவதற்கு ஓர் அட்டையில் சரியாக ஓர் அங்குலச் சதுரம் வெட்டித் துணிமேல் வையுங்கள். போன் கேமராவில் நெருக்கிப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி எண்ணுங்கள். ஓரக்கரைக்குப் பக்கத்தில் எண்ணாதீர்கள், அங்கே பாவு நெருக்கமாக இருக்கும். ஓரக்கரையோடு சேர்ந்து ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை.

எடைக்கு 20 செ.மீ. சதுரமாக இரண்டிரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைத் துவைக்க, ஒன்று அப்படியே வைக்க. பத்து செ.மீ. போதுமே என்று நினைக்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எடை ஒரு சதவீதம் போய்விடும். தங்கம் நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு இருந்தால் நல்லது.

நூல்கண்டு

(இரண்டு நாள் கழித்து)

துவைத்துவிட்டேன். ஆனால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. மூன்று துணியும் துவைத்த பிறகு *அதிக* எடை காட்டுகின்றன. கஞ்சி போனால் எடை குறைய வேண்டாமா?

தறிச்சத்தம்

எப்போது நிறுத்தீர்கள்?

நூல்கண்டு

கொடியில் காய்ந்ததும் எடுத்து உடனே. தொட்டால் ஈரம் தெரியவில்லை.

தறிச்சத்தம்

தொட்டால் தெரியாது. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். வியாபாரக் கணக்கில் 8.5 சதவீதம் என்றே ஏற்றுக்கொள்கிறார்கள். இஸ்திரி போட்டு, துவைத்ததையும் துவைக்காததையும் ஒரே அறையில் ஒரு ராத்திரி விரித்து வையுங்கள். காலையில் இரண்டையும் அடுத்தடுத்து நிறுங்கள். அதோடு வெட்டிய ஓரம் பிரிந்து நூல் போயிருந்தால் அதையும் பொறுக்கித் தராசில் சேருங்கள்.

நூல்கண்டு

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். சந்தேகம் தீர ஒவ்வொன்றையும் மூன்று தடவை நிறுத்தேன்.

முதல் துணி (விலை அதிகம்): துவைப்பதற்கு முன் 5.88 கிராம், பின் 5.73. இழை 60க்கு 60.

இரண்டாவது (அதே பூ, பாதி விலை): முன் 6.08, பின் 5.16. இழை பாவில் 60, ஊடையில் 52.

சிவப்பு (ஊர் பெயர் இல்லாதது): முன் 5.80, பின் 5.66. இழை 60க்கு 60, ஒரு இடத்தில் 61 வந்தது.

இரண்டாவது துணி துவைத்த பாத்திரத்துத் தண்ணீர் கலங்கி, கையில் வழவழவென்று இருந்தது. காய்ந்த பிறகு அதைத் தூக்கினால் வேறு துணி. பழைய கைக்குட்டை மாதிரி தொங்குகிறது. இன்னொரு பெரிய துண்டில் 50 செ.மீ. சதுரம் கோடு போட்டும் துவைத்தேன். முதல் துணி நீளத்தில் 48.6, இரண்டாவது 47.2, சிவப்பு 48.5. அகலத்தில் மூன்றும் பெரிதாக மாறவில்லை.

சிவப்புத் துணிதான் எனக்கு அதிர்ச்சி. மூன்றில் மலிவு அதுதான்!

கத்தரிப்பூ

ஆறு கிராமில் ஏறக்குறைய ஒரு கிராம் கஞ்சி. நூற்றுக்குப் பதினைந்து. நீங்கள் மீட்டர் கணக்கில் கஞ்சி வாங்கியிருக்கிறீர்கள்.

தறிச்சத்தம்

அழகாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டாவது துணியில் ஊடையைக் குறைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? தறியில் ஓர் அங்குலம் நெய்ய 60 தடவை ஊடை ஓட வேண்டியதை 52ஆக்கினால், அதே நேரத்தில் கூடுதல் துணி இறங்கும். காசை மிச்சம் பிடிக்க முதலில் கை வைக்கிற இடம் அதுதான். பிறகு அந்த இடைவெளியைக் கஞ்சி அடைத்துக்கொள்ளும். நீளத்தில் அதிகம் சுருங்கியதற்குக் காரணம், தறியிலும் சாயப்பட்டறையிலும் பாவை இழுத்துப் பிடித்தே ஓட்டுவது. தண்ணீர் பட்டதும் அது பழைய நிலைக்குப் போகும்.

கஞ்சி இருப்பதே குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டும்போது துணி நெளியாமல் நிற்க அதுவும் உதவும். கஞ்சியைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது, அதைப் பாருங்கள்.

ஊசிமுனை

எல்லாம் சரி. அந்தச் சிவப்பைக் கொண்டாடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் வெந்நீர், ஒரு சொட்டு சோப்பு, சிவப்புத் துண்டு, கூடவே ஒரு வெள்ளைத் துண்டு. அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பேசுவோம்.

நூல்கண்டு

அக்கா... ஜாடி முழுக்க ரோஜாப்பூ நிறம். வெள்ளைத் துண்டும் இளஞ்சிவப்பு ஆகிவிட்டது. மற்ற இரண்டிலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

ஊசிமுனை

அதைத்தான் சொன்னேன். எனக்கு 20ஆம் நம்பர், 30ஆம் நம்பர் தெரியாது. ஆனால் வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே சிவப்பு வைத்துத் தைத்த ஒரு முழு போர்வை முதல் துவைப்பிலேயே பாழானதைப் பார்த்தவள் நான். கையால் குயில்ட் போட்டது, நாலு மாத வேலை. நான் நாட்டின் பெயர் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தறிச்சத்தம்

அம்மா சொல்வது நியாயம்தான். உடம்பு நன்றாக இருந்தும் சட்டை மோசம் என்பதும் உண்டு. காடா ஒருவர் பொறுப்பு, சாயம் இன்னொருவர் பொறுப்பு. இந்தச் சிவப்பில் நெய்தவர் ஒழுங்காக நெய்திருக்கிறார், சாயம் போட்டவர் கடைசி அலசலில் தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் பிடித்திருக்கிறார். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு ஆகிவிடும், அது போகாது. பிணையாமல் மிஞ்சிய சாயத்தைப் பட்டறையிலேயே வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அந்த வேலை நம் தலையில்.

பொட்டுத்துணி

புதிதாகச் சேர்கிறேன். வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று என் பெரியம்மா சொல்வார். உண்மையா?

தறிச்சத்தம்

பருத்தியில் ஏறிய ரியாக்டிவ் சாயத்துக்கு வினிகரால் பயனில்லை. பட்டு, கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்துக்குத்தான் வினிகர் வேலை செய்யும். உப்பு, சாயம் ஏற்றும்போது தொட்டியில் போடுவது. துணியாகி வந்த பிறகு பயன் இல்லை. வெந்நீர், சோப்பு, பொறுமை, இவ்வளவுதான். தண்ணீர் தெளியும்வரை.

பிக்மென்ட் பிரிண்ட் என்றால் கதை வேறு. அது பசை வைத்து மேலே ஒட்டியது. ஈர வெள்ளைத் துணியால் பத்து தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நாளைக்கு மடிப்பு ஓரங்களில் வெளுத்துப்போகும்.

கத்தரிப்பூ

விலையைப் பற்றி யாருமே பேசவில்லையே. பருத்தி விலை ஏறிவிட்டது என்று கடைக்காரர்கள் எப்போதும் அழுகிறார்கள்.

பழையகணக்கு

அந்த அழுகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் துணி 1.1 சதுர மீட்டர். நூல்கண்டின் முதல் துணி சதுர மீட்டருக்கு 147 கிராம். அப்படியானால் மீட்டருக்குச் சுமார் 160 கிராம். நூற்பில் போகும் கழிவையும் சேர்த்து 190 கிராம் பஞ்சு என்று வையுங்கள். 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டி உச்சத்துக்குப் போனது. அந்த உச்ச விலையில்கூட ஒரு மீட்டர் துணிக்குள் இருந்த பஞ்சு ஒரு டாலருக்கும் குறைவுதான்.

பிறகு எதற்குக் காசு? ஓரக்கரையில் வரிசையாக வண்ணப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ரோட்டரி பிரிண்டிங்கில் (உருளை சுழன்று அச்சடிக்கும் முறையில்) ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன், அதாவது அச்சு உருளை. புள்ளிகளை எண்ணினால் எத்தனை ஸ்கிரீன் என்று தெரியும். நான்கு நிறத்துக்கும் பதினாறு நிறத்துக்கும் செலவு ஒன்றா? டிசைன் வரைந்தவருக்கு உரிமைத்தொகை, மொத்த வியாபாரி, கப்பல், கடைவாடகை, ரோலில் விற்காமல் தேங்கிய மீட்டர்கள், இவையெல்லாம்தான் விலை. இதில் பலவற்றுக்கும் துணியின் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் பெற்றவர் வரைந்த பூ என்பதால் இழை கெட்டியாகிவிடாது.

அதற்காக அதை வாங்காதே என்று சொல்லவில்லை. எனக்கும் சில டிசைன்களுக்கு மயக்கம் உண்டு. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

பொட்டுத்துணி

பாட்டிக் துணி எப்போதுமே விலை அதிகமாக இருக்கிறதே, அது நல்லதா?

கத்தரிப்பூ

நெருக்கமான நெசவு. மெழுகுக் கோடு பரவாமல் நிற்க வேண்டுமானால் இழை மெலிசாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். இந்தோனேசியாவில் உயர்ந்த அடித்துணியை பிரிமிசிமா என்றும் அடுத்ததை பிரிமா என்றும் சொல்வார்கள். செப்பு அச்சால் மெழுகு வைத்துச் சாயத்தில் முக்குவதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம் தெரியும். பிரிண்ட் துணியின் பின்பக்கம் வெளுத்திருக்கும். "பாட்டிக் டிசைன்" என்று விற்கும் போலியை அதை வைத்தே பிடித்துவிடலாம்.

ஆனால் கையால் குயில்ட் போடுகிறவர் பாட்டிக்கைத் தொட வேண்டாம். ஊசி இறங்காது. விரல் முனை புண்ணாகி, இரண்டாவது வரிசையிலேயே மெஷினைத் தேடிப் போனவள் சொல்கிறேன். அடர் நிறம் என்றால் ஜாடிச் சோதனையும் கட்டாயம்.

பொட்டுத்துணி

இன்னும் ஒன்று. குழந்தைப் போர்வைக்கு ஓகோ-டெக்ஸ் முத்திரை இருந்தால் ஆர்கானிக் என்று அர்த்தமா?

பழையகணக்கு

இல்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, முடிந்த துணியில் கேடான ரசாயனம் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று சோதிப்பது. மூன்று வயதுக்குள் குழந்தைகளுக்கு முதல் வகுப்பு, அதுதான் கடுமையானது. பருத்தி எப்படி விளைந்தது என்பது அதற்குள் வராது. அதற்கு காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை வேண்டும். அதில் "ஆர்கானிக்" என்று மட்டும் போட 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும், "ஆர்கானிக் கலந்தது" என்று போட 70. இரண்டு முத்திரையுமே துணி எத்தனை கிராம் என்று சொல்லாது.

பருத்தி எங்கே விளைந்தது என்று இப்போது பெரிய கம்பெனிகளும் நோண்டிக் கேட்கிறார்கள். சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த எதையும் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கொண்டு தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதனால் விற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் சிலர் சொல்கிறார்கள்.

நூல்கண்டு

நேற்று கேட்டுவிட்டேன்! முதல் துணியை விற்றவர் பதில் எழுதியிருக்கிறார். நெய்தது பாகிஸ்தான், பிரிண்ட் தென்கொரியா. பஞ்சு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய கடையிலிருந்து "100 சதவீதம் காட்டன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஊசிமுனை

பாகிஸ்தானா! அப்படியானால் பத்து வருடமாக என் அலமாரியில் என்னென்ன இருக்கிறதோ. இனிமேல் நாட்டுப் பெயரோடு ஜாடியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

தறிச்சத்தம்

காட்டன்தானா என்ற சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துப் பற்ற வையுங்கள். காகிதம் எரிந்த வாசனையும் ஊதினால் பறக்கும் சாம்பலும் பருத்தி. உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகினால் பாலியஸ்டர். பாவு, ஊடை இரண்டிலும் செய்யுங்கள். கலப்பு நூலாகவும் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வேறாகவும் இருக்கும்.

நூல்கண்டு

இரண்டும் பருத்திதான், பார்த்துவிட்டேன். கஞ்சித் துணியைப் புது டிசைன் சரிவருகிறதா என்று ஒத்திகை தைக்க ஒதுக்கிவிட்டேன். சாம்பல் பூவுக்கு முதல் துணியே.

கத்தரிப்பூ

சிவப்பு?

நூல்கண்டு

ஐந்தாவது வெந்நீரில்தான் தண்ணீர் தெளிந்தது. கேஸ் செலவையும் சேர்த்தால் அது மலிவான துணியே இல்லை. ஜாடியில் போட்ட வெள்ளைத் துண்டு இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது, எத்தனை அலசினாலும் போகவில்லை. நிறம் அழகாக இருந்ததால் நடுக்கட்டத்தில் வைத்துத் தைத்துவிட்டேன்.